பதினான்கு சிடிக்களும் ஒரு ஹார்டு டிஸ்கும்



நேற்று அலமாரியை ஒழித்தபோது பழைய டெபியன் லினக்ஸ் சிடிக் கட்டு கிடைத்தது. 2005 ஜூனில் வெளிவந்த 'சார்ஜ்' பதிப்பு. மொத்தம் 14 சிடி. இணையம் எட்டாத ஊர்களுக்கு அன்று லினக்ஸ் அப்படித்தான் வந்தது. உபுண்டுக்காரர்கள் கேட்டவர்களுக்குத் தபாலிலேயே இலவசமாக அனுப்பினார்கள். 2011இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

மறு வருடம் ஓர் ஆசிரியர் பயிற்சி. அந்தப் பள்ளியில் இணையம் இல்லை. வேண்டிய நான்கைந்து மென்பொருள்களைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போனேன். ஒன்றும் ஏறவில்லை! ஒவ்வொன்றும் வேறு பத்துத் துணைக் கோப்புகளைக் கேட்டது. இருபது ஆசிரியர்கள் என் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சிடிக் கட்டில் இருந்து என் பென்டிரைவில் இல்லாமல் போனது 'பேக்கேஜஸ்' என்ற பட்டியல். எதற்கு எது துணை என்பது அதில்தான் இருக்கிறது. 1999 முதல் டெபியனோடு வரும் 'ஆப்ட்' அதைப் படித்து, துணைகளைத் தானே தேடிச் சேர்க்கும். பட்டியல் இல்லாத நூலகத்தில் புத்தகம் தேடிய கதைதான் என்னுடையது.

அடுத்த பயிற்சிக்குக் களஞ்சியம் முழுவதையும் பட்டியலோடு ஹார்டு டிஸ்கில் இறக்கினேன். பல இரவுகள் பிடித்தது. ஒவ்வொரு கணினியிலும் களஞ்சிய முகவரியாக அந்த டிஸ்கைக் கொடுத்தோம். மதியத்துக்குள் எல்லாவற்றிலும் ஜியோஜீப்ரா ஓடியது.

டிஸ்கை ஓர் ஆசிரியை தம் பள்ளிக்கென்று வாங்கிப் போனார். இன்னும் திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை.