தெரிந்தே வெளியான பிழைகள்

பிழை இருப்பது தெரிந்தே மென்பொருளை வெளியிடுவது புதிய வழக்கமல்ல. 1971 நவம்பரில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தந்த முதல் யூனிக்ஸ் கையேட்டில், கட்டளை விளக்கங்களின் அடியில் ‘பிழைகள்’ என்றே ஒரு தலைப்பு உண்டு. எது சரிவர இயங்காது என்பதை அங்கே ஒளிக்காமல் எழுதினார்கள். படிப்பவர்களும் பெரும்பாலும் அதே ஆய்வகத்தார் என்பதால் இதில் கூச்சத்துக்கு இடமில்லை.

கடையில் விலைக்கு விற்ற நிரல்களின் கதை வேறு. 1980களில் பிளாப்பியில் போன நிரலைத் திருத்த, மறுபடியும் ஒரு பிளாப்பிதான் போக வேண்டும். 1983 ஜனவரியில் வெளியான லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் நிரல், 1900 ஜனவரி 1-ஐ 1 என்று கொண்டு நாள்களுக்கு வரிசை எண் கொடுத்தது. நூற்றாண்டு வருடம் 400-ஆல் வகுபட்டால்தான் லீப் வருடம், 1900 வகுபடாது. லோட்டஸ் அதையும் லீப் வருடமாக எண்ணி, வராத பிப்ரவரி 29-க்கு 60 என்ற எண்ணை ஒதுக்கியது. நான்கால் வகுத்துப் பார்க்கும் எளிய கணக்கு 1901 முதல் 2099 வரை பிசகாது என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை.

உறுத்த வேண்டிய இடம் பிறகுதான் வந்தது. லோட்டஸ் வாடிக்கையாளர்களை இழுக்க விரும்பிய மைக்ரோசாஃப்ட், அவர்களுடைய கோப்புகள் தன் விரிதாள் நிரலான எக்செல்லில் அதே தேதிகளைக் காட்ட வேண்டும் என்பதற்காகப் பிழையையும் தெரிந்தே எடுத்துக்கொண்டது. இன்று திருத்தினால், சேமித்துவைத்த கோப்புகளில் ஏறக்குறைய எல்லாத் தேதிகளும் ஒரு நாள் நகர்ந்துவிடும். திருத்தாவிட்டால் 1900 மார்ச் 1-க்கு முந்தைய நாள்களின் கிழமை மட்டும் தப்பும்: திங்களன்று பிறந்த அந்த வருடத்தை எக்செல் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குகிறது. எந்தக் கணக்கரும் அதைத் தேடி வரப்போவதில்லை. மைக்ரோசாஃப்டின் நிரல்மொழியான விஷுவல் பேசிக்கில் வேறு உத்தி: 1899 டிசம்பர் 30-ஐப் பூஜ்யமாக வைத்ததால், 1900 மார்ச் 1 முதல் இரண்டின் எண்களும் ஒத்துப்போகின்றன.

பிழைகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது என்பதை விண்டோஸ் 2000 காட்டியது. 2000 பிப்ரவரியில் அது வெளிவரும் நேரத்தில், 63,000-க்கும் மேற்பட்ட குறைகள் இருக்கலாம் என்ற உள் குறிப்பு கசிந்து பரபரப்பானது. அவற்றில் பல, சோதனைக் கருவி ஐயத்தின்பேரில் குறித்தவையும் மேம்பாட்டு யோசனைகளுமே என்று நிறுவனம் விளக்கியது. டெபியன் லினக்ஸ் குழுவினர் எண்ணுவதைவிடத் தரம் பிரிப்பதை நம்பினார்கள். அங்கே பிழைக்கு ஏழு படிநிலைகள். மேல் மூன்று மட்டுமே வெளியீட்டைத் தடுக்கும். அவற்றிலும் ஒன்றை ‘இந்த முறை போகட்டும்’ என்று குறியிட்டுத் தள்ளிவைக்கும் அதிகாரம் வெளியீட்டுப் பொறுப்பாளர்களிடம் இருக்கிறது.

எக்செல்லின் பிப்ரவரி 29-க்கோ தள்ளிவைப்பதோடு கதை முடியவில்லை. 2006-இல் எக்மா அமைப்பு ஏற்ற அலுவலகக் கோப்புகளுக்கான தர விதியில், 1900 லீப் வருடமாகவே எழுதப்பட்டது.