எலுமிச்சை மண்டியில் ஓர் ஊதா விளக்கு



போன வாரம் ஊறுகாய்க்குப் பழம் வாங்க எங்கள் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் எழுந்து நின்று, "வாங்க சார்" என்றார். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். இப்போது வயது முப்பத்தைந்து. உயிரித் தொழில்நுட்பத்தில் எம்.எஸ்சி. முடித்து, முனைவர் பட்ட ஆய்வில் மூன்று வருடம் இருந்தார். உதவித்தொகை நின்றதும் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

நான் கொடுத்த ஐந்நூறு ரூபாய் நோட்டை மேசையிலிருந்த ஊதா விளக்கின் கீழே பிடித்தார். எண்கள் பளிச்சென்று ஒளிர்ந்தன. "இந்த விளக்கப் பாக்கும்போதெல்லாம் எனக்கு லேப் ஞாபகம்தான் சார். ஊதா ஒளி பட்டா முழிச்சுக்கிற புரதம் ஒண்ணு இருக்கு. அத வச்சுத்தான் வேலை பாத்தேன்" என்றார். வியாபாரம் ஓய்ந்ததும் அரை மணி நேரம் எனக்குப் பாடம் நடத்தினார். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டுமே படித்தவன். அவர் சொன்னதையும் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

கதை ஜெல்லி மீனில் தொடங்குகிறது. 1961 கோடையில் ஒசாமு ஷிமோமுரா என்ற ஜப்பானியர் அமெரிக்காவின் பிரைடே ஹார்பர் கடற்கரையில் சுமார் 10,000 ஜெல்லி மீன்களைப் பிடித்து, அவை எப்படி ஒளிர்கின்றன என்று ஆராய்ந்தார். நீல ஒளி தரும் ஒரு புரதம் கிடைத்தது. 1962இல் வெளியான கட்டுரையில், கூடவே பச்சையாக ஒளிரும் இன்னொரு புரதமும் இருப்பதாகப் போகிற போக்கில் ஒரு குறிப்பு எழுதினார். பின்னாளில் உலகமே தேடிய புரதம் அதுதான்.

இங்கே என் பழைய தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மின்மினியும் இதுவும் ஒன்றென்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். மின்மினி வேதிவினையால் தானே ஒளியை உண்டாக்குகிறது. பச்சைப் புரதம் அப்படியில்லை. ஓர் ஒளியை வாங்கி வேறு நிறத்தில் திருப்பித் தருகிறது. ரூபாய் நோட்டு செய்வதும் அதைத்தான்.

அதன் அமைப்பு 1996இல் தெரியவந்தது. 238 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. 11 பட்டைகளாக மடிந்து ஒரு பீப்பாய் போல நிற்கிறது. நடுவில் 65, 66, 67ஆம் அமினோ அமிலங்கள் மூன்றும் காற்றிலுள்ள ஆக்சிஜன் துணையோடு தாமாகவே இணைந்து ஒளிரும் கருவாகின்றன. சுற்றியுள்ள பீப்பாய்தான் அதைக் காக்கிறது. பீப்பாய் குலைந்தால் ஒளியும் போய்விடும்.

இந்த இடத்தில் நம் சென்னைக்கும் பங்குண்டு. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எங்கே முடியாது என்று 1963இல் ஒரு வரைபடம் போட்டுக் காட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி.என்.ராமச்சந்திரன். ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரும் உடன் உழைத்தார்கள். இன்றும் புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தால், அது சரிதானா என்று அந்த வரைபடத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். அவருக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை.

பச்சைப் புரதத்துக்கான மரபணுவைப் பிரித்து 1992இல் வெளியிட்டவர் டக்ளஸ் பிராஷர். மேற்கொண்டு ஆராய நிதி கிடைக்கவில்லை. மரபணுவின் பிரதியைக் கேட்ட இருவருக்கு அனுப்பிவிட்டு அந்த வேலையை விட்டார். அந்த இருவர் மார்ட்டின் சால்ஃபியும் ரோஜர் சியெனும். 2008இல் ஷிமோமுராவோடு இவர்கள் நோபல் பரிசு பெற்றபோது, பிராஷர் அலபாமா மாநிலத்தில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளர்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். இருவரும் அவரையும் மனைவியையும் தங்கள் செலவில் விழாவுக்கு அழைத்துப் போனார்கள். பின்னர் சியெனின் ஆய்வகத்திலேயே சில காலம் வேலை பார்த்தார்.

இனி என் மாணவர் சொன்ன புரதத்துக்கு வருகிறேன். 2002இல் ஜார்ஜ் பேட்டர்சன், ஜெனிஃபர் லிப்பின்காட் ஷ்வார்ட்ஸ் இருவரும் அந்தச் சங்கிலியில் 203ஆம் இடத்திலிருந்த ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றினார்கள். அப்படி மாற்றிய புரதம் நீல விளக்கின் கீழ் ஏறக்குறைய இருண்டே கிடக்கும். ஊதா ஒளியைச் சிறிது நேரம் காட்டினால் உள்ளே ஒரு வேதிமாற்றம் நடக்கும். அதன்பின் அதே நீல விளக்கில் சுமார் 100 மடங்கு பிரகாசமாகப் பச்சையாக ஒளிரும். செல்லின் ஒரு மூலையில் மட்டும் ஊதாக் கதிரைப் பாய்ச்சி, அங்கிருந்த புரதம் எங்கே போகிறது என்று பின்தொடரலாம்.

இதைக்கொண்டு இன்னொரு பெரிய காரியமும் நடந்தது. சாதாரண ஒளி நுண்ணோக்கியில் மில்லிமீட்டரில் சுமார் 5,000இல் ஒரு பங்குக்கும் நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகவே தெரியும். வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் "உள்ளேன் ஐயா" என்று கத்தினால் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியுமா? ஒவ்வொருவராகக் கூப்பிட்டால் தெரியும். அதேபோல, ஊதா ஒளியை மிகக் குறைவாகக் காட்டிச் சில மூலக்கூறுகளை மட்டும் எழுப்பி, இடத்தைக் குறித்துக்கொண்டு, அவை அணைந்ததும் அடுத்த சிலவற்றை எழுப்பினார்கள். எல்லாப் புள்ளிகளையும் சேர்த்ததும் முன்பு காண முடியாத நுட்பத்தில் படம் கிடைத்தது. 2006இல் இதைச் செய்தவர்களில் முக்கியமானவர் எரிக் பெட்சிக்.

இந்த பெட்சிக் ஒருகாலத்தில் ஆய்வே வேண்டாம் என்று வெளியேறி, தந்தையின் இயந்திரக் கம்பெனியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். திரும்பி வந்தபோது கையில் வேலை இல்லை. நண்பர் ஹரால்ட் ஹெஸ்ஸின் வீட்டு வரவேற்பறையில், இருவரும் கைக்காசு போட்டு அந்த நுண்ணோக்கியைக் கட்டினார்கள். அப்போது பெட்சிக்குக்கு வயது நாற்பத்தைந்து. 2014இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

இதைப் படித்ததும் மறுநாளே உற்சாகமாக மண்டிக்குப் போய், "நாற்பத்தைந்து வயசுல ஒருத்தர் திரும்பி வந்திருக்கார்ப்பா, நீ ஏன் போகக் கூடாது?" என்றேன். அவருக்கு அந்தக் கதை ஏற்கெனவே தெரிந்திருந்தது. சிரித்தார். "அவருக்கு அப்பா கம்பெனி இருந்துச்சு சார். எனக்கு ரெண்டு பிள்ளைங்க பள்ளிக்கூடப் பீஸ்தான் இருக்கு" என்றார். என்னிடம் பதில் இல்லை.

"நல்லாப் படி, மேலே வரலாம்" என்று முப்பது வருடங்களுக்கு மேல் சொல்லிக்கொடுத்தேன். அவர் நன்றாகத்தான் படித்தார். மேலே போனவருக்கு நின்று வேலை செய்ய இடமும் சம்பளமும் வேண்டும் என்பதை நான் யோசித்ததே இல்லை. பிராஷரை வேன் ஓட்ட அனுப்பியதும் அந்தக் குறைதானே?

நண்பர்களே, உங்களில் பலருடைய பிள்ளைகள் கல்லூரிகளிலும் ஆய்வகங்களிலும் இருக்கிறார்கள். ஆய்வைப் பாதியில் விட்டவர்களைச் சம்பளத்தோடு திரும்பச் சேர்த்துக்கொள்ளும் இடம் எதுவும் தெரிந்தால் எனக்குத் தனிச்செய்தியில் சொல்லுங்கள். அறிவியலில் நான் தவறாக எழுதியிருந்தாலும் தயங்காமல் திருத்துங்கள்.