படைப் புள்ளிகள்

மேசைமேல் சிறு பொம்மைப் படைகளை நிறுத்தி, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டுகளில், இரு தரப்பும் ஏறத்தாழச் சமபலத்தோடு இறங்குவதற்காக ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் இடப்படும் விலை. அதை எவ்வளவு நுணுக்கமாகப் போடுவது என்பதில்தான் வழக்கு.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இயங்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட ‘வார்ஹேமர் 40,000’ இரண்டு வழிகளையும் பார்த்துவிட்டது. நெடுங்காலம் அதில் வீரனுக்கு ஒரு விலை, அவன் ஏந்தும் பிளாஸ்மா துப்பாக்கிக்குத் தனி விலை. 2,000 புள்ளிக்குள் படையை அடக்குவது மளிகைக் கணக்குப் போல நீளும். அதிலேயே ருசி கண்டவர்களும் உண்டு.

2017-இல் வந்த எட்டாம் பதிப்பு, புள்ளிகளுக்குப் பக்கத்திலேயே ‘பவர் லெவல்’ என்ற சுருக்கக் கணக்கையும் வைத்தது. பிரிவு முழுவதற்கும் ஒரே சிறிய எண்; ஆயுதம் எதுவானாலும் மாறாது. வேலை மிச்சம்தான். ஓட்டையும் அங்கேதான்: விலை ஒன்றே என்றால் மட்டமான துப்பாக்கியை யார் எடுப்பார்? போட்டி ஆட்டங்கள் பழைய கணக்கிலேயே தொடர்ந்தன.

2023-இன் பத்தாம் பதிப்பு பவர் லெவலைக் கைவிட்டது. பெயர்தான் போனது என்று சொல்லலாம்: மிஞ்சிய புள்ளிக் கணக்கிலும் ஆயுதங்களுக்குத் தனி விலை இல்லை.

புள்ளியே வேண்டாம் என்று பார்த்ததும் உண்டு. 2015-இல் அதே நிறுவனத்தின் ‘ஏஜ் ஆஃப் சிக்மார்’ விளையாட்டு அப்படித்தான் வந்தது. மறு ஆண்டே அதற்கான ‘ஜெனரல்ஸ் ஹேண்ட்புக்’ நூல் புள்ளிகளைக் கொண்டுவந்தது. பண்டைய, இடைக்காலப் போர்களுக்கான ‘டிபிஏ’ விதிநூலோ 1990 முதலே ஆளுக்கு 12 பிரிவுகள் என்பதோடு கணக்கை முடித்துக்கொண்டது.