பட்டன் மேல் விழுந்த பனி

இன்றைய எபிசோடில் ஒரு பட்டனோட வரலாறு பேசப் போறோம். ஆமாம், வெப்சைட்டில் நாம தினமும் அழுத்துற அதே பட்டன்தான்.

2018 டிசம்பர் 25, செவ்வாய்க்கிழமை. சீனாவில் அன்று விடுமுறை கிடையாது, வழக்கமான வேலை நாள். பலரும் ஆபீஸ் வந்து, வேலைக்கான வெப் சாஃப்ட்வேரைத் திறக்கிறார்கள். பட்டன்களின் தலையில் வெள்ளையாகப் பனி படிந்திருக்கிறது. மவுஸை மேலே கொண்டுபோனால் 'ஹோ ஹோ ஹோ!' என்று எழுத்து எட்டிப் பார்க்கிறது. அந்த சாஃப்ட்வேரைக் கட்டிய டெவலப்பர்கள் யாரும் அப்படி ஒரு வரி எழுதவில்லை. யாரோ ஹேக் பண்ணிட்டாங்களோன்னு பதறத்தானே செய்வாங்க?

யாரும் ஹேக் பண்ணவில்லை. அந்தப் பனி எங்கிருந்து வந்தது என்று புரிய, ஏழு வருஷம் பின்னால போகணும்.

ட்விட்டர் நிறுவனத்துக்குள் ஒரு சிக்கல் இருந்தது. ஊழியர்கள் தங்கள் உபயோகத்துக்காகக் கட்டிய டூல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருந்தன. ஒன்றைக் கட்டியவர் விலகிவிட்டால் அடுத்தவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. இதைச் சரிசெய்ய மார்க் ஓட்டோ, ஜேக்கப் தார்ன்டன் என்ற இருவர் பட்டன், ஃபார்ம், மெனு, 16 பத்திகளாகப் பிரித்த கிரிட் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகச் செய்தார்கள். 2011 ஆகஸ்ட் 19 அன்று அது 'பூட்ஸ்ட்ராப்' என்ற பெயரில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது.

டிசைனர் வைத்துக்கொள்ள வசதியில்லாத சின்ன டீம்களுக்கு இது வரப்பிரசாதம். ஒரே நாளில் பார்க்கிற மாதிரி ஒரு பக்கம் தயார். ஆனால் கொஞ்ச நாளில் இணையத்தில் எங்கே திரும்பினாலும் அதே நீல பட்டன், அதே கறுப்பு மெனு. தீபாவளிக்கு ஒரே கடையில் துணி எடுத்த தெருப் பிள்ளைகள் மாதிரி.

அப்போதான் கஸ்டமைஸ் பண்ணுற கதை ஆரம்பிக்குது. ரெடிமேட் சட்டையை வாங்கி டெய்லர்கிட்ட ஆல்டர் பண்ணக் கொடுக்கிறோமே, அதுதான்.

அதற்கு இரண்டு வழி இருந்தது. முதல் வழி, மேலேயே ஒட்டுப்போடுவது. லைப்ரரி பட்டனை நீலம் என்று சொன்னால், நாம அதுக்குப் பின்னாடி ஒரு சிஎஸ்எஸ் எழுதி பச்சை என்று சொல்வது. லைப்ரரியின் விதி வலுவாக இருந்தால் நம் பச்சை தோற்கும். உடனே வரியின் கடைசியில் 'இம்பார்ட்டன்ட்' என்று போடுவோம். அடுத்து வருபவர் அதைத் தோற்கடிக்க இன்னொரு 'இம்பார்ட்டன்ட்' போடுவார். எல்லாமே முக்கியம் என்றான பிறகு எதுதான் முக்கியம்?

இரண்டாவது வழி கொஞ்சம் நாகரிகமானது. பூட்ஸ்ட்ராப், லெஸ் என்ற மொழியில் எழுதப்பட்டிருந்தது. நிறம், எழுத்தின் அளவு, மூலையின் வளைவு எல்லாம் தனித்தனி மாறிகளாக இருக்கும். அங்கே மதிப்பை மாற்றி கம்பைல் செய்தால், மொத்தத் தொகுப்பும் நம் நிறத்தில் வெளியே வரும். ஆனால் இதுவும் நிலையில்லை. 2013-இல் வெர்ஷன் 3 வந்தபோது கிரிட்டின் பெயர்களே மாறின. 2018 ஜனவரியில் வெர்ஷன் 4 வந்தபோது லெஸ் போய் சாஸ் வந்தது. பழைய ஆல்டரேஷனைப் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டியதாயிற்று.

இதற்கிடையில் இன்னொரு பெரிய மாற்றம். ரியாக்ட் பரவியது. 2014-இல் கூகுள் மெட்டீரியல் டிசைனை அறிவிக்க, அதைப் பின்பற்றி மெட்டீரியல் யுஐ வந்தது. 2015-இல் அலிபாபா குழுமத்தைச் சேர்ந்த ஆன்ட் நிறுவனம் ஆன்ட் டிசைனைத் திறந்துவிட்டது. இங்கே பட்டன் என்பது வெறும் தோற்றம் இல்லை; எப்படி நடந்துக்கணும் என்ற புரோகிராமும் அதுக்குள்ளேயே இருக்கும். தீம் என்ற ஒரே இடத்தில் நிறத்தையும் ஃபான்ட்டையும் சொன்னால் போதும்.

நிறம் மட்டும்தான் பிரச்சினையா? இல்லை. மெட்டீரியல் யுஐ பட்டனில் ஆங்கில வார்த்தை தானாகவே பெரிய எழுத்துக்கு மாறும். தமிழில் பெரிய எழுத்து ஏது? 'சப்மிட்' என்ற சின்ன வார்த்தைக்கு அளவெடுத்த பட்டனில் 'சமர்ப்பிக்கவும்' என்று போட்டால் வெளியே வழியும். ஒவ்வொரு லைப்ரரிக்குள்ளும் அதைச் செய்தவர்களின் பழக்கங்களும் சேர்ந்தே வரும் என்பதற்கு இது ஒரு சின்ன சாட்சி.

இப்போ பனிக்கு வருவோம். ஆன்ட் டிசைன் பட்டனின் உள்ளே சில வரிகள் சேர்க்கப்பட்டிருந்தன: இன்று டிசம்பர் 25-ஆ? ஆமென்றால் பனி காட்டு. அந்த வெர்ஷன் 2018 செப்டம்பரிலேயே வெளியாகிவிட்டது. மூன்று மாதம் சத்தமே இல்லை. டெவலப்பர்கள் வழக்கம்போல அப்டேட் செய்தார்கள், தங்கள் நிறத்தைப் பூசினார்கள், கஸ்டமரிடம் கொடுத்தார்கள். அன்றைக்குப் பச்சை பட்டனிலும் பனி விழுந்தது, சிவப்பு பட்டனிலும் விழுந்தது. தீம் மாற்றியவருக்கும் தப்பவில்லை. ஏனென்றால் தீம் தொடுகிற இடத்தில் அந்த வரிகள் இல்லை. விளையாட்டாகச் செய்தது என்று சேர்த்தவர் மன்னிப்புக் கேட்டார். திருத்திய வெர்ஷனும் வந்தது. ஆனால் கஸ்டமருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது அந்தப் பட்டனை எடுத்துப் பயன்படுத்தியவர்தான்.

என்னைப் பொறுத்தவரை, இந்த வரலாற்றின் மையமே இங்கேதான் இருக்கு. நாம கஸ்டமைஸ் பண்ணுறோம் என்று நினைப்பது, பெரும்பாலும் அவர்கள் திறந்துவைத்த கதவு வழியாக மட்டும் உள்ளே போவதுதான்.

பிறகு வந்தவர்கள் அந்தக் கோட்டையே நகர்த்தப் பார்த்தார்கள். ரேடிக்ஸ் போன்றவை தோற்றமே இல்லாமல் நடத்தையை மட்டும் கொடுத்தன. 2023-இல் வந்த ஷாட்சிஎன் யுஐ இன்னொரு படி மேலே போனது: பட்டனின் கோடையே உங்கள் புராஜெக்டுக்குள் காப்பி செய்து கொடுத்துவிடும். இனி அது உங்களோடது, வரிவரியாகப் படிக்கலாம், எதையும் வெட்டலாம்.

சரி, பிரச்சினை தீர்ந்ததா? அங்கேயும் விலை உண்டு. ஒரு பாப்-அப் பெட்டியை எடுத்துக்குங்க. எஸ்கேப் கீயை அழுத்தினால் மூடணும், கீபோர்டில் நகரும்போது பெட்டிக்கு வெளியே போகக் கூடாது, பார்வையற்றவரின் ஸ்கிரீன் ரீடர் அதைச் சரியாக வாசிக்கணும். காப்பி செய்த பகுதியில் இவற்றில் ஒரு பிழை இருந்து, மூலத்தில் திருத்தினாலும், உங்களிடம் இருக்கும் காப்பி தானாகத் திருந்தாது. வீடு சொந்தமானால் ஒழுகும் கூரையும் சொந்தம்தானே.

அதனால் அடுத்த முறை ஒரு லைப்ரரி தேர்ந்தெடுக்கும்போது, நிறம் மாற்ற முடியுமா என்று மட்டும் பார்க்காதீங்க. இதில் எந்தப் பகுதியை என்னால் திறந்து பார்க்க முடியும், எதை நம்பிக்கையின் பேரில் எடுத்துக்கிறேன்னு கேளுங்க. அப்டேட் பண்ணுறதுக்கு முன்னாடி என்ன மாறியிருக்குன்னு வாசிங்க. டிசம்பர் 25-க்கு முன்னாடியே அந்த வரிகள் எல்லோர் கண்ணெதிரேயும் திறந்தேதான் இருந்தன.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.