இரண்டு சூரிய உதயங்கள்

காலியிலிருந்து மாத்தறைக்கு பஸ்சில் போகும்போது எல்லாரும் கடல் பக்க இருக்கையைத்தான் பிடிப்பார்கள். நான் மற்றப் பக்கம் உட்காருவேன், கொக்கலை வாவியைப் பார்ப்பதற்காக. பயணிகளை ஏற்றிய விமானங்கள் உலகிலேயே மிக நீண்ட நேரம் பறந்துவந்து இறங்கிய தண்ணீர் அது.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் அவுஸ்திரேலியாவுக்கும் லண்டனுக்கும் இடையிலான வான்வழி அறுந்தது. ஜாவா, சுமாத்திரா, அந்தமான் எல்லாம் எதிரி கையில். மிஞ்சியது இந்து சமுத்திரம் மட்டும். பேர்த்தின் சுவான் நதியிலிருந்து கொக்கலைக்கு ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். 1943 நடுப்பகுதியில் அவுஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸ் அந்தத் தூரத்தை ஒரே மூச்சில் கடக்கத் தொடங்கியது.

ஓட்டியது கட்டலினா என்ற பறக்கும் படகு. மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில்தான் அது போகும். எரிபொருளுக்கு இடம் வேண்டுமென்று பனி படியாமல் காக்கும் கருவி, குளிர் தடுக்கும் உள்ளுறை எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். பயணிகள் மூன்று பேர், அவர்களோடு 69 கிலோ தபால். அதற்குமேல் ஏற்ற முடியாது. முழுப் பாரத்தோடு கிளம்பிய முதல் சில மணி நேரத்தில் ஒரு இயந்திரம் நின்றால், மற்றதை நம்பி உயரத்தில் நிற்க முடியாது. கடல்தான் கதி.

பயணம் சாதாரணமாக 27 முதல் 33 மணி நேரம். எதிரி விமானங்கள் திரியும் பகுதியை இருட்டில் கடக்கும்படி நேரம் குறித்தார்கள். வானொலியில் பேசக்கூடாது. பேசினால் இருக்குமிடம் தெரிந்துவிடும். ஆகவே விமானத்தின் வழிகாட்டி, நட்சத்திரங்களைப் பார்த்து இடத்தைக் கணித்தார். இந்தச் சேவையில் ஓடிய ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரங்களின் பெயரையே வைத்திருந்தார்கள்: அல்டெயர், வேகா, ரைஜல், அன்டாரஸ், ஸ்பைகா. ஒரே பயணத்தில் இரண்டு தடவை சூரியன் உதிப்பதைக் கண்ட பயணிக்கு ‘இரட்டைச் சூரிய உதய இரகசியச் சங்கம்’ என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

1945 வரை 271 தடவை கடந்தார்கள். ஓர் உயிரும் போகவில்லை. எனக்கு இன்றும் நம்ப முடியாத கணக்கு இதுதான். 2018இல் பேர்த்திலிருந்து லண்டனுக்கே நேரடி விமானம் தொடங்கியது: சுமார் 14,500 கிலோமீட்டர், 17 மணி நேரம். தூரத்தில் அது முன்னே நிற்கலாம். பொறுமையிலும் நெஞ்சுரத்திலும் கட்டலினாக்காரரை நான் மேலே வைப்பேன்.

ஆனால் கொக்கலையில் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. விமானத் தளம் அமைக்க ஊர்மக்களை வீடு வாசலை விட்டு எழுப்பினார்கள். எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு தப்பிப் பிழைத்து இன்று நினைவகமாக நிற்கிறது. சுற்றியிருந்த ஊர் போய்விட்டது. விமானம் பற்றி எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

அந்தக் கட்டலினாக்கள் அமெரிக்கக் கடன் உதவி ஒப்பந்தத்தில் வந்தவை; போர் முடிந்ததும் திருப்பித் தரவோ அழிக்கவோ வேண்டும் என்பதால், ஐந்தையும் கடலில் மூழ்கடித்தார்கள். ஒன்றையாவது விட்டுவைத்திருக்கலாம். குயின்ஸ்லாந்தின் லோங்ரீச் அருங்காட்சியகத்தில் ஒரு கட்டலினா நிற்கிறது. இனம் அதேதான், கொக்கலைக்கு வந்தது அல்ல.