ஊர்வலம் போகாத கொண்டாட்டம்

மலேசியாவில் பிரைட் எனும் பெருமித ஊர்வலம் என்று ஒன்று இன்றுவரை தெருவில் இறங்கியதில்லை. நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் 1969 ஜூன் 28 விடிகாலையில் போலீஸ் புகுந்ததும், சரியாக ஓராண்டு கழித்து அதே நாளில் அங்கே முதல் ஊர்வலம் கிளம்பியதும், 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கர் வானவில் கொடியை உருவாக்கியதும் உலகறிந்த கதை. அந்த அளவுகோலோடு கெடா மாநிலத்துக்கு வந்தால் எழுத ஒன்றும் மிஞ்சாது. ஒரு பக்கம் ஜெராய் மலை, மறு பக்கம் கடல், நடுவே நெல்வயல் என்று கிடக்கும் யான் வட்டாரத்திலும், கிழக்கே குருன், பீடோங், சுங்கைப்பட்டாணி வரை நீண்ட ரப்பர் தோட்டங்களிலும் தன்பாலீர்ப்பு கொண்டவர்களும் திருநங்கைகளும் திருநம்பிகளும் கூடிச் சிரித்ததெல்லாம் கூரைக்குக் கீழேதான். இந்நாட்டின் பெருமித வரலாற்றைத் தொலைபேசியிலும் மருத்துவமனையிலும் வழிபாட்டிலும் நீதிமன்றத்திலுமே தேட வேண்டியிருக்கிறது.

முதலில் சட்டம். தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு மலாய் மண்ணில் முளைத்ததன்று. மெக்காலே தலைமையிலான குழு 1837இல் வரைந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறி 1862இல் நடைமுறைக்கு வந்தது. அதை அச்சாகக் கொண்டு 1871இல் பினாங்கு அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு ஒரு தண்டனைச் சட்டம் இயற்றினார்கள். அப்போது கெடா சயாமின் மேலாண்மைக்குள் இருந்தது. 1909 மார்ச் 10ஆம் தேதி பாங்காக் உடன்படிக்கையில் அது பிரிட்டிஷார் கைக்கு மாறியது. 1948இல் மலாயா கூட்டரசு முழுமைக்கும் ஒரே தண்டனைச் சட்டம் என்றானது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தோட்டத்து ஆட்கள் பினாங்கில்தான் கரையேறினார்கள். சட்டமும் அவர்கள் வந்த வழியிலேயே வந்தது எனலாம்.

1989 திருத்தத்தில் இப்பிரிவு 377ஏ, 377பி என்று விரிந்தது. தண்டனை 20 ஆண்டு வரை சிறை, கூடவே பிரம்படி. நாட்டு மக்களில் பெரும்பாலோர் இப்பிரிவின் பெயரையே அரசியல் தலைவர் அன்வார் இப்ராகிம் மீதான வழக்குகளின்போதுதான் கேள்விப்பட்டார்கள் என்பது அதன் பயன்பாட்டைப் பற்றி நிறையவே சொல்கிறது. முஸ்லிம்களுக்கு இதற்கு மேல் மாநில ஷரியா சட்டங்களும் உண்டு. தமிழ் இந்துக்களை அவை தொடுவதில்லை. ஆனால் தெருவில் நிற்கும் திருநங்கையைப் பிடிக்க 1955ஆம் ஆண்டுச் சிறு குற்றங்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவு போதுமானதாக இருந்தது. ‘ஒழுங்கீனமான நடத்தை’ என்று அது சொல்வதற்குள் எதையும் அடக்கலாம்.

தோட்ட வாழ்வில் ஆண், பெண் என்ற பிரிவினை கூலியிலேயே தொடங்கியது. 1920களின் இறுதியில் மலாயாவில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விடிவதற்கு முன் பிரட்டுக் களத்தில் கிராணி செக்ரோல் புத்தகத்தைத் திறந்து பெயர் கூப்பிடும்போது ஒவ்வொருவரும் இரண்டில் ஒரு பக்கம் நின்றாக வேண்டும். லயத்து வீடுகளுக்கு நடுவே இருந்தது ஒரு மெல்லிய பலகைச் சுவர். அடுத்த வீட்டுப் பேச்சு இந்த வீட்டில் கேட்கும். ஒளிவுமறைவு என்பதற்கே அங்கு இடமில்லை. ஆனால் அதே தோட்டத்தில் கூத்து நடக்கும் இரவில் ஆண் ஒருவர் சேலை கட்டி, பூ வைத்து, திரௌபதியாகவோ சந்திரமதியாகவோ வந்து நின்றால் ஊரே கண்ணீர் விட்டது. கூத்துக்கு மட்டும் கொடுத்த அந்த அனுமதி விடிந்ததும் முடிந்துபோகும். தன்பாலீர்ப்பு கொண்டவர்களுக்கு அந்த ஓர் இரவும் கிடையாது. கல்யாணம் பேசி முடித்துவிடுவார்கள்; அத்தோடு அவர்கள் பதிவுகளிலிருந்து மறைந்துவிடுவார்கள்.

பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. பிள்ளைகள் சுங்கைப்பட்டாணிக்கும் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் வேலை தேடிப் போனார்கள். வீட்டில் சொல்ல முடியாதவர்களுக்கு இந்தப் பெயர்ச்சி இழப்பாகவும் விடுதலையாகவும் ஒருசேர அமைந்தது. திருநங்கைகள் பெருநகரங்களில் சேர்ந்து வாழத் தொடங்கினார்கள். 1980களின் தொடக்கத்தில் கோலாலம்பூரின் பல்கலைக்கழக மருத்துவமனையில் பால்மாற்று அறுவை சிகிச்சைகூட நடந்தது. 1983இல் முஸ்லிம்களுக்கு அதைத் தடைசெய்யும் சமயத் தீர்ப்பு வந்தபின் அந்த வாசல் மூடியது; மூடியபோது முஸ்லிமல்லாதவர்களுக்கும் சேர்த்தே மூடியது. வடக்கே தாய்லாந்து மருத்துவமனைகளை நோக்கிய பயணம் அதற்குப் பிறகுதான் வழக்கமானது.

திருநங்கைகளைப் பற்றிய முதல் விரிவான ஆய்வுகளில் ஒன்று கெடாவிலிருந்தே வந்தது. சிந்தோக்கிலுள்ள மலேசிய வடக்குப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சமூகவியலாளர் தே யிக் கூன் 2002இல் மலேசியத் திருநங்கைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் சந்தித்தவர்களில் பெரும்பான்மையினர் மலாய்க்காரர்கள். சீனர்களும் இந்தியர்களும் இருந்தார்கள். வேலை கொடுப்பார் இல்லாததால் பலர் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டதை அந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. இந்துத் திருநங்கைகளிடையே பகுச்சரா மாதா வழிபாடு நிலவுவதையும் அவர் பதிவுசெய்தார். குஜராத்தைச் சேர்ந்த இந்தத் தாய்க்குச் சேவல் வாகனம். முருகன் கொடியில் சேவலைப் பார்த்தே வளர்ந்த தமிழர்களுக்கு அவள் அந்நியமாகத் தோன்றியிருக்க மாட்டாள். குடும்பக் கோயில் திருவிழாவில் முன்வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு இப்படிப்பட்ட வழிபாட்டில் ஓர் இடம் கிடைத்தது.

அமைப்பாகத் திரளும் முயற்சியைத் தூண்டியது நோய்தான். மலேசியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல். சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டுபிடித்ததும் அதே ஆண்டில்தான். அடுத்த ஆண்டே கோலாலம்பூரில் பிங்க் டிரையாங்கிள் என்ற அமைப்பு பிறந்தது. நாஜி வதைமுகாம்களில் தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களின் சட்டையில் தைக்கப்பட்ட இளஞ்சிவப்பு முக்கோணத்தைக் குறிப்பதே அந்தப் பெயர். அதன் முதல் பணி ஒரு தொலைபேசி ஆலோசனைச் சேவை. 1987இல் யானிலிருந்தோ குவார் செம்படாக்கிலிருந்தோ ஒருவர் அந்த எண்ணை அழைப்பதென்றால் பொதுத் தொலைபேசியில் காசைப் போட்டுக்கொண்டே, பின்னால் நிற்பவர் காதில் விழாமல் பேச வேண்டும். மறுமுனையில் இருப்பவர் ஊர் பெயரும் சாதியும் கேட்காமல் பதில் சொன்னார் என்பதே பலருக்கு அதுவரை கிட்டாத மரியாதை. பி.டி. அறக்கட்டளை என்று பின்னாளில் பெயர் மாற்றிக்கொண்ட அந்த அமைப்பு சௌக்கிட் பகுதியில் திருநங்கைகளும் பாலியல் தொழிலாளர்களும் வந்து இளைப்பாறவும் பரிசோதனை செய்துகொள்ளவும் இடம் நடத்தியது. மலேசியாவின் பெருமித வரலாற்றுக்கு ஒரு தொடக்க ஆண்டு குறிக்க வேண்டுமானால் 1987ஐக் குறிப்பதே பொருத்தம்.

தமிழ்நாட்டிலும் கதை இதே வழியில் தொடங்கி வேறு இடத்துக்குப் போனது. உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள கூவாகத்தில் சித்திரை முழுநிலவை ஒட்டி நடக்கும் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு நெடுங்காலப் பழமை உண்டு. களப்பலியாகப் போகும் அரவானுக்கு மனைவியராகத் திருநங்கைகள் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்வதும், இரவெல்லாம் கும்மியடித்துப் பாடுவதும், மறுநாள் தாலி அறுத்து வளையல் உடைத்து வெள்ளைச் சேலை உடுத்துவதும் சடங்கு. மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் போகிறவர்கள் உண்டு. எச்.ஐ.வி. தடுப்புப் பணியாளர்கள் 1990களில் இந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தபின் திருவிழாவை ஒட்டி விழுப்புரத்தில் கருத்தரங்குகளும் மிஸ் கூவாகம் அழகிப் போட்டியும் சேர்ந்துகொண்டன. ஒப்பாரியும் ஒப்பனையும் அடுத்தடுத்த நாளில் வரும் இந்த விழாவை வெறும் புராணச் சடங்கு என்று ஒதுக்குகிறவர்கள் அதைக் கிட்டே போய்ப் பார்க்காதவர்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கானோர் ஒளியாமல் நடமாடிய ஊர் அது, ஸ்டோன்வால் என்ற பெயர் தமிழில் அச்சேறுவதற்கு வெகு முன்பே.

பிறகு தமிழ்நாட்டு அரசு அசைந்தது. 2008 ஏப்ரலில் திருநங்கைகள் நல வாரியம் அமைந்தது. 2009 ஜூன் 28ஆம் தேதி மெரினா கடற்கரையில் சென்னையின் முதல் வானவில் பேரணி நடந்தது. நான்கே நாளில், ஜூலை 2ஆம் தேதி, டெல்லி உயர்நீதிமன்றம் 377ஆம் பிரிவின் பிடியைத் தளர்த்தியது. அந்தத் தீர்ப்பு இடையில் புரண்டு, 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நிலைபெற்றது.

கோலாலம்பூரில் பாங் கீ தெய்க்கும் ஜெரோம் குகானும் 2008இல் தொடங்கிய செக்சுவாலிட்டி மெர்டேக்கா விழாவே மலேசியா கண்ட பிரைடுக்கு மிக நெருக்கமானது. சுதந்திர நாளை ஒட்டி, சென்ட்ரல் மார்க்கெட்டின் அனெக்ஸ் கலைக்கூடத்தில் நாடகம், திரைப்படம், பேச்சு, பயிலரங்கு என்று அது நடந்தது. கொடி பிடித்து நடக்கும் அங்கம் அதில் இல்லை. மூன்று ஆண்டு பெரிய சலசலப்பின்றிப் போயிற்று. 2011 நவம்பரில் விழாவைத் தொடங்கிவைக்க அழைக்கப்பட்டிருந்தவர் அம்பிகா சீனிவாசன், தூய்மையான தேர்தலுக்கான பெர்சே இயக்கத்தின் தலைவர். பெர்சேயின் ஜூலைப் பேரணி முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நவம்பர் 3ஆம் தேதி காவல்துறை விழாவுக்குத் தடை விதித்தது. தடையை எதிர்த்த மனு மறு ஆண்டு உயர்நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. விழாவைக் குறிவைத்தார்களா, அம்பிகாவைக் குறிவைத்தார்களா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டுக்கும் சேர்த்தே அடி விழுந்தது.

மனநலம் இந்த வரலாற்றின் ஓரத்தில் வைக்க வேண்டிய பொருளன்று. உலகச் சுகாதார நிறுவனம் 1990 மே 17ஆம் தேதி தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2019இல் ஏற்ற புதிய பட்டியலில் திருநர் அடையாளத்தையும் மனநோய்ப் பிரிவிலிருந்து வெளியே எடுத்தது. இவர்களிடையே மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடுதலாகக் காணப்படுவது ஏன் என்பதற்கு அமெரிக்க ஆய்வாளர் இலான் மேயர் 2003இல் ஒரு விளக்கம் தந்தார்: துன்பம் அவர்களது இயல்பிலிருந்து வருவதில்லை, நாள்தோறும் படும் அவமதிப்பு, அடுத்த அவமதிப்பை எதிர்பார்த்திருக்கும் பதற்றம், ஒளித்து வாழும் களைப்பு, ஊர் சொல்வதைத் தானே நம்பத் தொடங்கும் கூச்சம் ஆகியவை சேர்ந்து அழுத்துகின்றன. பக்கத்தில் தன்னைப் போன்ற நாலு பேர் இருந்தால் அந்த அழுத்தம் குறைகிறது. பிரைடின் மருத்துவப் பயன் அதுதான்.

2017ஆம் ஆண்டு இதைக் கொடூரமாக உணர்த்தியது. பிப்ரவரியில் குவாந்தானில் ஒரு தமிழ்த் திருநங்கை கொலையுண்டார். ஜூனில், யானிலிருந்து கடலுக்கு அப்பால் இருக்கும் பினாங்கில், பெண்மை கலந்தவர் என்று பள்ளிக் காலத்திலிருந்தே கேலி செய்யப்பட்ட 18 வயதுத் தமிழ் இளைஞர் கும்பல் ஒன்றால் தாக்கப்பட்டு மருத்துவமனையில் இறந்தார். அதே ஜூனில் சுகாதார அமைச்சு பதின்ம வயதினருக்கான காணொளிப் போட்டியொன்றை அறிவித்திருந்தது. பாலினக் குழப்பத்தைத் ‘தடுப்பது’ அதன் தலைப்புகளுள் ஒன்று. கண்டனம் எழுந்தபின் அந்த வாசகத்தை மாற்றினார்கள். இதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 2021 ஜூன் 7ஆம் தேதி, மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிச் செய்யும் சிகிச்சைகளைத் தடைசெய்தார். தம்முடைய முன்முடிவுகளைக் களைய அவர் தாமே ஓர் உளவியலாளரிடம் போய் அமர்ந்தார். நீதிமன்றங்களில் அபூர்வமாகவே நடக்கும் செயல் இது.

மலேசிய நீதிமன்றங்கள் முன்னும் பின்னும் போயிருக்கின்றன. நெகிரி செம்பிலானில் பெண்ணுடை அணிந்ததற்காகப் பிடிபட்ட மூன்று முஸ்லிம் திருநங்கைகளுக்குச் சாதகமாக மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014 நவம்பர் 7ஆம் தேதி தீர்ப்பளித்தது. மறு ஆண்டு அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம் நடைமுறைக் காரணம் சொல்லி அதைக் கவிழ்த்தது. அடையாள அட்டைச் சிக்கல் தமிழர்களையும் நேராகத் தொடுவது. மைகார்டின் 12 இலக்க எண்ணில் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். 2005இல் உயர்நீதிமன்ற நீதிபதி ஜேம்ஸ் ஃபூங் ஒருவருக்கு அதை மாற்றித் தர உத்தரவிட்டார்; இன்னொரு வழக்கில் மறுப்பு வந்தது. வங்கியிலும் வேலை நேர்காணலிலும் மருத்துவமனைப் பதிவு முகப்பிலும் ஒரு திருநங்கையின் கதை அந்த ஒற்றை இலக்கத்திலேயே அம்பலமாகிவிடுகிறது.

சிறையில் தாம் பட்டதை வெளிப்படையாகப் பேசிய நிஷா அயூப், சக ஆர்வலர்களோடு சேர்ந்து 2014இல் சீட் அறக்கட்டளையை நிறுவினார். வேலைப் பயிற்சி, சாப்பாடு, சட்ட உதவி, வயதான திருநங்கைகளுக்குத் தங்க இடம் என்று அதன் பணி விரிந்தது. 2016இல் அமெரிக்க அரசின் அனைத்துலக வீரப் பெண்மணி விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவர். 2009இல் அதே விருதை அம்பிகா பெற்றிருந்தார். 2018 ஆகஸ்டில் ஜார்ஜ் டவுனில் நடந்த புகைப்படக் கண்காட்சியிலிருந்து நிஷா, பாங் கீ தெய்க் இருவரின் படங்களும் சமய விவகார அமைச்சரின் தலையீட்டால் அகற்றப்பட்டன.

2023 மே மாதம் உள்துறை அமைச்சின் அதிகாரிகள் ஸ்வாட்ச் கடைகளில் புகுந்து 172 வானவில் கைக்கடிகாரங்களை அள்ளிச் சென்றார்கள். ஆகஸ்டில் வந்த தடையாணைப்படி அவற்றை விற்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. 2024 நவம்பரில் உயர்நீதிமன்றம் கடிகாரங்களைத் திருப்பித் தரச் சொன்னது, பறிமுதலின்போது தடையாணையே இல்லை என்ற எளிய காரணத்துக்காக.

கெடாவின் வட எல்லையில் புக்கிட் காயு ஹித்தாமைத் தாண்டினால் தாய்லாந்தின் சொங்க்லா மாநிலம். 2025 ஜனவரி 23 முதல் அங்கே ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி திருமணத்தைப் பதிவு செய்யலாம். யானிலிருந்து காரில் அந்த எல்லைக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அங்கே பதிவு செய்துகொண்டு திரும்பினாலும், முஸ்லிமல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் 69ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது: மணமக்கள் இருவரில் ஒருவர் ஆணும் மற்றவர் பெண்ணுமாக இல்லாவிட்டால் அத்திருமணம் செல்லாது.