மருத்துவரும் தாதியும்

நோயைத் தீர்ப்பவர் மருத்துவர். அவர் ஏவியதைச் செய்பவர் தாதி என்று எண்ணுவது நம்மிடையே பெருவழக்கு. இவ்வெண்ணம் எத்துணைக் குறையுடையது என்பதைப் பூனா நகரத்துச் சாசூன் மருத்துவமனையின் வரலாறு நமக்கு உணர்த்தும்.

1924-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள், எரவாடாச் சிறையிலிருந்த காந்தியடிகள் குடல்வால் நோயுற்று அம்மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பெற்றார். அரசாங்கக் கைதிக்கு அரசாங்க மருத்துவர் அறுவை செய்யுங்கால் தீங்கு நேரின், பழி யாரைச் சாரும்? ஆதலின் அடிகளின் சம்மதம் எழுத்தில் பெறப்பட்டது. அவ்வாசகத்தை வரைந்தவர், அந்நாளில் இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவராய் விளங்கிய நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். அன்றிரவு கர்னல் மாடக் அறுவை செய்துகொண்டிருக்கையில், இடிமழையால் மின்விளக்கு அணைந்தது. தாதி ஒருவர் பிடித்திருந்த கைவிளக்கும் அவிந்தது. எஞ்சிய வேலை அரிக்கேன் விளக்கொளியில் நிறைவேறிற்று. கத்தி பிடித்தவரும் விளக்குப் பிடித்தவரும் பதறாது ஒருமித்து நின்றமையாலன்றோ அவ்வுயிர் காக்கப்பட்டது!

இவ்வொருமைப்பாடு தானே வருவதன்று, பயிற்சியால் வருவது. 1909-இல் ரமாபாய் ரானடே அம்மையாரும், இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த தேவதரும் பூனாவில் சேவா சதனத்தை நிறுவினர். தாதித் தொழிலை உயர்குடியினர் இழிவாகக் கருதிய காலம் அது. அப்பழிச்சொல்லைப் பொருட்படுத்தாது, சதனத்துப் பெண்களைச் சாசூன் மருத்துவமனைக்கே பயிற்சிக்கு அனுப்பினர். ஏட்டில் பயின்றதை நோயாளியின் கட்டிலருகே, மருத்துவர் முன்னிலையில் கற்கும் வாய்ப்பு அவர்கட்குக் கிட்டியது.

ஆயினும் நாட்டின் தேவை பெரிது. சர். ஏ. லட்சுமணசாமி முதலியார் உறுப்பினராயிருந்த போர் குழு 1946-இல் அளித்த அறிக்கையின்படி, 6,300 மக்களுக்கு ஒரு மருத்துவரும், 43,000 மக்களுக்கு ஒரு தாதியுமே இருந்தனர். 1948-இல் பூனாவில் தோன்றிய படைத்துறை மருத்துவக் கல்லூரி, 1964-இல் தாதியர் கல்லூரியையும் தன்னகத்தே கொண்டது.

ஒரே வளாகத்தில் பயின்றால் மட்டும் போதுமா? போதாது. இரவெல்லாம் விழித்திருக்கும் தாதியே, நாடித் துடிப்பின் மாறுதலை முதலில் காண்பவர். கண்டதைத் தெளிவாகச் சொல்லவும், மருந்தின் அளவில் ஐயம் எழுந்தால் அஞ்சாது வினவவும் அவருக்குக் கற்பிக்க வேண்டும். அதனைச் செவிமடுக்க மருத்துவ மாணவருக்கும் கற்பிக்க வேண்டும். மருந்தாளரும் உணவியலாரும் இவ்வுரையாடலில் இடம்பெற வேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களின் பெண்மக்கள் பலர் இத்தொழிலை நாடுகின்றனர். பணிவை மட்டுமன்று, உரிய வேளையில் வாய்திறக்கும் துணிவையும் அவர்கட்கு ஊட்டுவோமாக.